விண் கூவிய பின்னேரம்

மார்கழி மழை ஓய்ந்து தை பிறக்கப்போகிற நாள்களில் வல்வெட்டித்துறையில் எவரிடமும் வேறு கதை கதைக்க முடியாது. எல்லாம் பட்டம்தான். காற்று எந்தப் பக்கம், யார் என்ன உருவத்தில் கட்டுகிறார்கள், போன வருஷம் எவருடைய நூல் அறுந்து பட்டம் எந்தக் கடலில் விழுந்தது. அந்த ஊரில் பிறந்த எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்திருந்தும், பொங்கலுக்கு முந்திய கிழமையில், ஊர்ச் சனசமூக நிலையத்தில் கருந்துளைகளைப் பற்றிக் கதைக்கிறேன் என்று நானாகவே போய்க் கேட்டேன். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். எனக்கு அந்த மாதம் முழுக்க வெட்கம் கொஞ்சமும் இருக்கவில்லை.

நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பலாலி வீதி பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வருகிறேன். பஸ்ஸில் மற்றவர்கள் போனில் நாடகம் பார்ப்பார்கள். நான் வானத்தைப் பற்றி யார் என்ன கண்டுபிடித்தார்கள் என்று பார்ப்பேன். ஒரு காலை அப்படித்தான் ஒரு கட்டுரையை வாசித்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத் தரிப்பு வந்தது, போனது. அதற்கடுத்த தரிப்பும் போனது. "டீச்சர், இண்டைக்கு லீவோ?" என்று கொண்டக்டர் கேட்டபிறகுதான் தலையை நிமிர்த்தினேன். இறங்கித் திரும்பி நடந்தேன் என்று சொல்லக்கூடாது, ஓடினேன். பிந்திவிட்டதே என்று ஓடவில்லை. யாருக்காவது உடனே சொல்லவேண்டும் என்று ஓடினேன்.

செய்தி இதுதான். வெகு தூரத்தில் இரண்டு கருந்துளைகள். ஒளிகூட உள்ளே போனால் திரும்பி வராத அளவுக்கு இறுகிக் கனத்துப்போனவை. அவை ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி, நெருங்க நெருங்க வேகம் கூடி, கடைசியில் மோதி ஒன்றாகின. அந்தக் குலுக்கலில் வெளி, அதாவது வெறும் இடமே, அலையாகக் கிளம்பி நாலாபக்கமும் ஓடியது. இப்படிப்பட்ட அலைகளைப் பத்து வருஷமாகப் பிடிக்கிறார்கள். ஆனால் இந்தத் தடவை வந்தது முன்னெப்போதும் வராத தெளிவோடு வந்தது. மோதிய பிறகு புதிதாகப் பிறந்த கருந்துளை, அடித்த கோயில் மணி போல் கொஞ்சம் அதிர்ந்து அடங்கியதைக்கூட அளக்க முடிந்தது. இரண்டு ஒன்றானால் அந்த ஒன்றின் மேற்பரப்பு முன்னைய இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் குறையாது என்று ஒரு பழைய கணக்கு உண்டு. நான் பிறப்பதற்கு முன்பே கடதாசியில் போட்ட கணக்கு. இப்போது அளந்து பார்த்தார்கள். சரியாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஒரு கணக்குச் சரி வந்ததற்கு அழுகிறவள் என்று என் மாணவிகள் இன்றைக்கும் பகிடி பண்ணுவார்கள்.

மாணவிகளுக்குச் சொன்னேன். ஆசிரியர் அறையில் சொன்னேன், அவர்கள் தேநீரைக் குடித்துக்கொண்டு "அப்படியோ" என்றார்கள். ஆனால் உண்மையில் நான் சொல்ல விரும்பியது என் அண்ணைக்கு. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு சந்தோஷம் வந்தால் அது அண்ணையிடம் போய்ச் சேரும்வரை முழுசாக வந்த மாதிரி இருக்காது.

அண்ணை வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். கடல்தொழில். ஆனால் ஊர் அவரை அறிந்தது விண்ணால். விண் என்றால் வெளியூர்க்காரருக்கு ஆகாயம். எங்கள் ஊரில் தை மாதத்தில் விண் என்றால் ஒரேயொரு பொருள்தான்: பட்டத்தின் தலையில் கட்டுகிற வில். வளைத்த மூங்கில் சிலாகையின் இரு முனைக்கும் இடையில் ஒரு நாடாவை இழுத்துக் கட்டினால், மேலே காற்றுப் படும்போது அது கூவும். நாடாவை எவ்வளவு இழுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அண்ணை கட்டிய விண்ணின் சத்தம் கடலில் நிற்கிற வள்ளங்களுக்கும் கேட்கும் என்பார்கள். வேறு தெரு, வேறு ஒழுங்கை ஆட்களும் தங்கள் விண்ணைக் கொண்டுவந்து அவரிடம் சரிபார்த்துக்கொண்டு போவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது பெரிய காரியம் என்றார்கள் டொக்டர்மார். காது தப்பவில்லை. இரண்டும் முழுதாகப் போய்விட்டது, மெசின் மாட்டியும் பயனில்லை. அந்த வருஷம் பட்டம் கட்டவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. தன் விண்களையெல்லாம் எடுத்து, மிளகாய்க் கன்றுகளுக்கு முட்டுக்கொடுக்கச் சொல்லி அண்ணியிடம் கொடுத்துவிட்டார். நான் போகிறபோதெல்லாம் அந்த மிளகாய்ப் பாத்தியைப் பார்க்காமல் உள்ளே போகப் பழகிக்கொண்டேன்.

கருந்துளைச் செய்தியை அவருக்குப் போனில் எழுதி அனுப்பினேன். பக்கம் பக்கமாக எழுதினேன். பதிலுக்கு ஒரு பெருவிரல் படம் வந்தது. அவ்வளவுதான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஒரு பெருவிரலோ இதற்குப் பதில் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சரி, ஊரைக் கூட்டிச் சொல்கிறேன், அப்போதாவது வந்து இருப்பார்தானே என்று முடிவெடுத்தேன். சனசமூக நிலையத்தில் நாளும் நேரமும் கேட்டு வாங்கிக்கொண்டு அண்ணைக்கு எழுதினேன். "நான் வந்து ஆரின்ரை வாயைப் பாக்கிறது? நீ நடத்து" என்று எழுதினார். இந்தமுறை பெருவிரலும் இல்லை.

நிலையத்துச் செயலாளர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். நான் கொடுத்த தலைப்பு: "விண் கூவுகிறது: இரண்டு கருந்துளைகள் ஒன்றாகும்போது எழும் ஈர்ப்பலைகள்". விண் கூவுகிறது என்று நான் வேண்டுமென்றேதான் போட்டேன். அந்த அலையை ஒலியாக மாற்றிப் போட்டால், தாழ்வாகத் தொடங்கி, விறுவிறுவென்று மேலே ஏறி, சட்டென்று நிற்கும். காற்று ஏற ஏற விண்ணின் சுருதி ஏறுகிற மாதிரி. ஊர்ச் சொல்லை வானத்துக்கு ஏற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அன்று பின்னேரம் நான் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, பின் ஒழுங்கையால் போய், நிலையத்தின் பின் கதவால் நுழைந்தேன். உள்ளே சனம். இருக்கக் கதிரை இல்லாமல் சுவரோரம் எல்லாம் ஆட்கள். "டீச்சர், இவ்வளவு சனம் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை" என்று செயலாளர் வியர்வையைத் துடைத்தார். எங்கள் ஊருக்கு வானியலில் இவ்வளவு பசியா? இவ்வளவு நாளும் நான் அல்லவா ஊரைக் குறைத்து நினைத்திருக்கிறேன் என்று கண் கலங்கியது. பலருடைய மடியில் நீளமான பொதிகள் இருந்தன. வள்ளத்துச் சாமான் எதையோ வேலையோடு வேலையாகக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வணக்கம் சொல்லி வாயெடுத்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "தங்கச்சி, கதைக்க முதல் ஒண்டு. நாடாவை நனைச்சுக் கட்டுறதோ, காய்ஞ்சபடி கட்டுறதோ? அதை முதல் சொல்லுங்கோ."

எனக்கு விளங்கவில்லை. "எந்த நாடா, ஐயா?"

அவர் மடியிலிருந்த பொதியை அவிழ்த்தார். உள்ளே விண். பக்கத்தில் இருந்தவரும் அவிழ்த்தார். அங்கேயும் விண். கூடம் முழுக்கச் சரசரவென்று பொதிகள் அவிழ்ந்தன. நான் திரும்பிச் செயலாளரைப் பார்த்தேன்.

"தலைப்பு நீளம் டீச்சர், வாசல் அறிவிப்புப் பலகை சின்னன்," என்றார் அவர். "அதாலை கொஞ்சம் குறைச்சனான்."

"என்னெண்டு குறைச்சனீங்கள்?"

"விண் கூவுதல், விளக்கம். பட்டக்காரர் கட்டாயம் வரவும்."

"பட்டக்காரரை ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"விண் எண்டால் விண்தானே, டீச்சர்," என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. கருந்துளை என்பதை அவர் நாடாவில் போடுகிற ஏதோ ஓட்டை என்று நினைத்தாராம். இதைப் பிறகு சொன்னார்.

கோபம் வரவேண்டிய இடம். வந்தது சிரிப்பு. நான் சிரிக்க, விஷயம் விளங்கிய முன்வரிசை சிரிக்க, கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் வாசலில் நின்ற அண்ணையைக் கண்டேன்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பலகையை வாசித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது அந்த முகத்தைப் பார்த்த உடனேயே தெரிந்தது. கடற்கரைக்குப் போகிறவர் எவரும் அந்தப் பலகையைத் தாண்டாமல் போகமுடியாது. சனம் சிரிப்பதை அவர் பார்த்தார். எதற்கென்று அவருக்குக் கேட்கவில்லை. காது போனபிறகு அவருக்குத் தன் குரலின் அளவு தெரிவதில்லை, அதனால் அவர் கேட்டது கடற்கரைவரைக்கும் கேட்டிருக்கும்.

"செவிடனை வீட்டிலை வைச்சுக்கொண்டு ஊருக்கு விண் வகுப்பு நடத்துறியோ?"

சிரிப்பு நின்றது. நான் எதைச் சொன்னாலும் அவருக்குக் கேட்காது. அவர் திரும்பி ஓர் அடி வைத்தார். இப்போது போனால் இனி எனக்குப் பெருவிரல்கூட வராது என்று தெரிந்தது. நான் சோக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில், கூடத்தின் கடைசிவரை தெரிகிற எழுத்தில் எழுதினேன்.

"இது பட்டத்தின்ரை விண் இல்லை, அண்ணை."

யாரோ அவருடைய தோளைத் தட்டிப் பலகையைக் காட்டினார்கள். வாசித்தார். அசையவில்லை. அடுத்து என்ன எழுதுவது? அந்த நொடியில், எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியும் நான் கவனிக்காத ஒன்று கைக்கு வந்தது. நானே திகைத்துப்போய் எழுதினேன்.

"இதை உலகத்திலை ஒருதரும் காதாலை கேக்கேல்லை. தொட்டுத்தான் பிடிச்சவை."

உண்மையும் அதுதான். அந்த அலை ஒலியல்ல. எந்தக் காதுக்கும் கேட்காது. அதைப் பிடிக்கிற கருவி ட எழுத்துப் போல இரண்டு நீளமான குழாய்களாக இருக்கும், கிலோமீற்றர் கணக்கில் நீளம். முனைகளில் கண்ணாடி, நடுவில் ஓடித்திரிகிற ஒளி. அலை கடந்து போகும்போது ஒரு குழாய் கொஞ்சம் நீளும், மற்றது கொஞ்சம் சுருங்கும். அணுவின் கருவைவிடவும் எத்தனையோ மடங்கு சின்ன அசைவு. அந்த நடுக்கத்தைத் தொட்டறிந்துவிட்டுப் பிறகுதான், நாங்கள் கேட்பதற்காக அதை ஒலியாக மாற்றுகிறார்கள். இதையெல்லாம் படமாகக் கீறினேன். எழுதினேன், அழித்தேன், எழுதினேன். கூடத்திலிருந்தவர்கள் வாசித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அண்ணை மெல்லமெல்ல முன்னால் வந்தார். எனக்கு அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

"பொக்ஸைப் போடுங்கோ," என்றேன் செயலாளரிடம். கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு விடுகிற பெரிய ஸ்பீக்கர் பெட்டி அது. மாணவிகளுக்கு நான் போட்டுக் காட்டுகிறது, சுருதியை உயர்த்திய ஒலி. உண்மையான சுருதி போனில் எடுபடாது, அவ்வளவு தாழ்வு. ஆனால் இந்தப் பெட்டி மேளத்தையே நெஞ்சில் இடிக்க வைக்கிற பெட்டி. உண்மையான சுருதியைத் தேடி எடுத்தேன். அண்ணையின் கையைப் பிடித்துப் பெட்டியின் முகத்தில் வைத்தேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

போட்டேன். அரை மூச்சு நேரம்கூட இல்லை. கூடத்துக்கு ஓர் உறுமல் கேட்டது, அவ்வளவுதான். ஆனால் அண்ணையின் முகம் மாறியது. கண்ணை மூடினார்.

"அறுந்திட்டுது," என்றார்.

கூடம் ஓம் ஓம் என்று தலையாட்டியது. அவர்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றால் பட்டக்காரருக்கு அதற்கு வேறு பொருள் இல்லை. நூல் போய்விட்டது.

நான் எழுதினேன்: "அறேல்லை. ரெண்டும் ஒண்டாப் போச்சு."

அதை அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு, "திருப்பிப் போடு," என்றார்.

திருப்பிப் போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். உள்ளங்கையை எடுத்துவிட்டு விரல் நுனிகளை வைத்தார். கன்னத்தை வைத்தார். பின்வரிசைக்காரர் எழுந்துவந்து தாங்களும் கையை வைத்தார்கள். காது கேட்கிற மனிதர்கள் காதைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் பெட்டியைத் தொட்டார்கள். எனக்கு ஆனந்தத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. "டீச்சர், பொக்ஸ் எரிஞ்சால் பிறகு கோயிலுக்கு என்ன பதில் சொல்லுறது?" என்று செயலாளர் சுற்றிச்சுற்றி வந்தார். ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

"உது எவ்வளவு தூரத்திலையிருந்து வருது?" என்று கேட்டார் அண்ணை.

ஒளி வந்து சேரவே நூறு கோடி வருஷத்துக்கு மேல் எடுக்கும் தூரம் என்று எழுதினேன். அவர் யோசித்தார். அந்த யோசனை எனக்குத் தெரியும். நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சமா, இவ்வளவு காணுமா என்று முடிவெடுக்க முன்னால் அவர் நிற்கிற நிலை அது. மூன்று வருஷமாக அந்த முகத்தை நான் காணவில்லை.

"அங்கையிருந்து இஞ்சை மட்டும் நூல் வேணுமே. நூல் எது?"

இவ்வளவு காலப் படிப்பிப்பில் ஒரு பிள்ளையும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எழுதினேன்: "வெளிதான் நூல். இடையிலை இருக்கிற வெறும் இடம் எல்லாம் நூல். அதுதான் அதிர்ந்தது."

அண்ணை பலகையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வாசலால் போய்விட்டார். கோபமாகவா, சந்தோஷமாகவா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு பட்டக்காரர் என்னை விடவில்லை. நாடாவை நனைப்பதா காயவைப்பதா என்பதற்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றார்கள். எனக்குத் தெரியாது என்றேன். பிறகு என்ன டீச்சர் நீங்கள் என்று பகிடி பண்ணிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு ஒரு பை நிறையக் கருவாடு தந்தார்கள்.

பொங்கலன்று காலை அண்ணியிடமிருந்து போனில் எழுத்து வந்தது. "மிளகாய்க் கன்று நாலு சாஞ்சு போய்க் கிடக்கு. முட்டுத்தடியளைக் காணேல்லை. கெதியா வா."

பொங்கலை வாயில் போட்டபடியே பஸ் ஏறினேன். நான் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் நிறையப் பட்டம். பாம்பும் கப்பலும் பருந்துமாக. எத்தனையோ விண்கள் ஒன்றாகக் கூவின, அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவரோடு கதைக்க முடியாது. அண்ணை ஓரமாக, தனியாக நின்றார். மேலே ஒரு சாதாரண வெள்ளைப் பட்டம், சோடனை ஒன்றுமில்லை. நூல் அவருடைய சுட்டுவிரலில் கிடந்தது. கண் வானத்தில் இல்லை, விரலில் இருந்தது.

என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்து நூலைத் தந்தார். "என்ன சொல்லுது?"

நான் மேலே பார்த்து, அவருக்குத் தெரியும்படி வாயைப் பெரிதாக அசைத்தேன். "கூவுது. நல்லாக் கூவுது."

"காதாலை கேளாதை," என்றார். எனக்குப் பின்னால் வந்து நின்று, கடல் உப்பும் காய்ப்பும் ஏறிய தன் இரண்டு உள்ளங்கைகளாலும் என் காதுகளை இறுக்கிப் பொத்தினார்.

இரைச்சல் முழுதும் போனது. நூல் இருந்தது. முதலில் வெறும் இழுவை. பிறகு, அதற்குள்ளே மெல்லிய ஒரு நடுக்கம். காற்று ஏறியது, நடுக்கம் விரலில் விறுவிறுவென்று நெருங்கி ஏறியது. ஏறி, சட்டென்று அறாமல் அங்கேயே நின்று அதிர்ந்தது. நான் இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் கீறிக்கொண்டிருந்தது இதைத்தான்.

"உது கேக்குதோ?"

அவர் போட்ட சத்தம் அவருடைய கைகளையும் தாண்டி வந்தது. ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் நிற்கிறவருக்கு என் வாய் தெரியாது. திரும்பவும் முடியாது, கையில் பட்டம். அதனால், அவருடைய கைகளுக்குள் இருந்த தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.

"ஆ," என்றார் அண்ணை. "கேட்டிட்டுது."